நூற்றுக்கு எத்தனை முதியோர்? நாடுகளின் கணக்கும் நம் கணக்கும்



முதியோர் தொகை பெருகுகிறது, உழைக்கும் வயதினர் தொகை குறைகிறது, இந்தச் சுமையை நாடுகள் எப்படித் தாங்கப் போகின்றன என்ற கேள்வியைச் செய்தித்தாள்களில் அடிக்கடி படிக்கிறோம். மளிகைக் கடையும் மண்டியும் நடத்தும் நமக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். இரண்டு வகையில் நமக்கு இதில் சம்பந்தம் உண்டு. நம் கடைப்படி ஏறி வருவோரில் வயதானவர்கள் ஆண்டுக்காண்டு கூடி வருகிறார்கள். அத்துடன், நாமும் வயதாகி வருகிறோம். அரசு ஊழியருக்கு இருப்பது போன்ற மாதச் சம்பளமோ, பிராவிடண்ட் பண்டோ, கிராஜுவிட்டியோ நமக்கு இல்லை. எனவே மற்ற நாடுகள் இந்தக் கணக்கை எப்படிப் போட்டன, எங்கே தவறவிட்டன என்று தெரிந்துகொள்வது நமக்குப் பயன் தரும்.

சார்பு விகிதம் என்பது என்ன?

நாடுகளை ஒப்பிடுவோர் முதலில் எடுத்து வைப்பது 'முதியோர் சார்பு விகிதம்' என்ற எண்ணைத்தான். 15 முதல் 64 வயது வரை உள்ள 100 பேருக்கு, 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் எத்தனை பேர் என்பதே அது. ஜப்பானில் 2024 ஆம் ஆண்டில் மக்கள் தொகையில் நூற்றுக்கு 29 பேர் 65 வயதைத் தாண்டியவர்கள். சார்பு விகிதமாகக் கணக்கிட்டால் 100 பேருக்கு ஏறக்குறைய 49 பேர். அதாவது உழைக்கும் வயதினர் இருவருக்கு ஒரு முதியவர். இந்தியாவில் 65 வயதைத் தாண்டியவர்கள் நூற்றுக்கு 7 பேர் அளவில்தான் இருக்கிறார்கள். சார்பு விகிதம் 10 அளவில் நிற்கிறது.

இந்த இரண்டு எண்களை மட்டும் பார்த்தால் ஜப்பானியர் சுமையில் தவிக்கிறார்கள், நாம் நிம்மதியாக இருக்கிறோம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் இந்த எண் வயதை மட்டுமே பார்க்கிறது. 70 வயதிலும் காலை ஆறு மணிக்குக் கடை திறந்து கல்லாவில் உட்காரும் நம் பெரியவரைப் பிறரைச் சார்ந்தவர் என்று பற்றில் எழுதுகிறது. 35 வயதில் வேலையின்றி இருக்கும் ஒருவரைப் பிறரைத் தாங்குபவர் என்று வரவில் வைக்கிறது. கிட்டங்கியில் எத்தனை மூட்டை கிடக்கிறது என்று எண்ணிவிட்டு, உள்ளே இருப்பது நல்ல சரக்கா, வண்டு விழுந்ததா என்று பிரித்துப் பார்க்காமல் இருப்புக் கணக்கு எழுதுவது போன்றதே இது.

65 என்ற வயதும் இயற்கை விதித்த எல்லையன்று. ஜெர்மனியில் பிஸ்மார்க் காலத்தில், 1889 இல், தொழிலாளருக்கு முதுமைக் காப்பீடு கொண்டு வந்தபோது ஓய்வூதிய வயது 70 என்று வைத்தார்கள். 1916 இல் அதை 65 ஆகக் குறைத்தார்கள். பின்னர் வேறு பல நாடுகளும் 65 ஐ ஏற்றுக்கொண்டன. ஆனால் எல்லா நாட்டிலும் 65 வயது உடம்பு ஒன்றல்ல. லான்செட் குழுமத்தின் பொதுச் சுகாதார இதழில் 2019 இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. உலகச் சராசரியில் 65 வயதுக்காரருக்கு இருக்கும் நோய்ச் சுமை, ஜப்பானில் 76 வயதில்தான் வருகிறது என்றும், பப்புவா நியூ கினியாவில் 46 வயதிலேயே வந்துவிடுகிறது என்றும் அது கணக்கிட்டுக் காட்டியது. வயதைக் கொண்டு மட்டும் நாடுகளை ஒப்பிடக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஒரே எண்ணிக்கை, இரு வேறு வாழ்க்கை

டென்மார்க்கையும் தென் கொரியாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். இரண்டிலும் இப்போது நூற்றுக்கு 20 பேர் அளவில் 65 வயதைத் தாண்டியவர்கள். டென்மார்க் இந்த நிலைக்கு மெதுவாக வந்து சேர்ந்தது. தென் கொரியா மிக வேகமாக ஏறி, 2024 டிசம்பரில் 20 ஐத் தொட்டது. சார்பு விகிதம் டென்மார்க்கில் 30க்குச் சற்று மேல், கொரியாவில் 30க்குச் சற்றுக் கீழ். எண்ணிக்கைப்படி பெரிய வேறுபாடு இல்லை.

வாழ்க்கையைப் பார்த்தால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு தெரிகிறது. நாட்டின் நடுத்தர வருமானத்தில் பாதிகூட இல்லாதவர்களை ஏழைகள் என்று வைத்து, ஓ.இ.சி.டி. என்னும் பன்னாட்டுப் பொருளாதார அமைப்பு கணக்கெடுக்கிறது. அந்த அளவுகோலில் கொரிய முதியோரில் நூற்றுக்கு 40 பேர் ஏழைகள். டென்மார்க்கில் 5 பேருக்கும் குறைவு. கொரியா ஏழை நாடல்ல. கப்பலும் காரும் தொலைக்காட்சிப் பெட்டியும் உலகுக்கு விற்கும் நாடு. அங்கேதான் முதியவர்கள் தள்ளுவண்டியில் பழைய அட்டைப் பெட்டிகளைப் பொறுக்கிக் கொண்டுபோய் எடைக்குப் போடுகிறார்கள்.

காரணத்தைத் தேடினால் அது ஆண்டுகளில் இருக்கிறது. டென்மார்க் 1891 இலேயே வரிப்பணத்திலிருந்து முதியோர் உதவித்தொகை தரத் தொடங்கியது. 1956 இல் இயற்றிய சட்டத்தின்படி தொழிலாளி, விவசாயி, கடைக்காரர் என்ற வேறுபாடின்றி எல்லாருக்கும் அடிப்படை ஓய்வூதியம் வந்தது. கொரியாவில் தேசிய ஓய்வூதியத் திட்டம் தொடங்கியதே 1988 இல்தான். அதுவும் முதலில் 10 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களுக்கு மட்டும். விவசாயிகளும் மீனவர்களும் 1995 இல் சேர்க்கப்பட்டார்கள். நகரத்தில் சொந்தத் தொழில் செய்வோர், அதாவது நம்மைப் போன்ற கடைக்காரர்கள், 1999 இல்தான் உள்ளே வந்தார்கள். அப்போது 50 வயதைத் தாண்டியிருந்தவர்களுக்குப் பணம் கட்டிச் சேர்க்கக் காலம் போதவில்லை. அந்தத் தலைமுறை, சம்பாதித்ததைப் பிள்ளைகளின் படிப்பில் போட்டது. பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள் என்று நம்பியது. பிள்ளைகள் நகரத்துக்குப் போனார்கள், அவர்களுக்கும் வாடகையும் பள்ளிக் கட்டணமும் கழுத்தை நெரித்தன. 2014 இல் அரசு முதியோரில் கீழ்த்தட்டு 70 விழுக்காட்டினருக்கு அடிப்படை ஓய்வூதியம் கொடுக்கத் தொடங்கியது. அது பசியைத் தணித்தது, வறுமையைப் போக்கவில்லை.

இதில் நாம் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. மேலே சொன்ன வறுமைக் கணக்கு வருமானத்தை மட்டும் எடுத்துக்கொள்வது. கொரிய முதியவர்களில் பலருக்குச் சொந்த வீடு உண்டு. வீடு இருக்கிறது, கையில் காசு இல்லை. சரக்கிலும் கடன் பாக்கியிலும் கட்டடத்திலும் முதலைப் போட்டுவிட்டு மாதக் கடைசியில் கை வறண்டு நிற்கும் நம்மவர் நிலையும் இதுதான்.

உழைக்கும் முதியவர் என்றால் நல்வாழ்வு என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. 2023 இல் ஜப்பானில் 65 வயதைத் தாண்டியவர்களில் நான்கில் ஒருவர் வேலை செய்தார். கொரியாவில் நூற்றுக்கு 37 பேர் வேலை செய்தார்கள். விருப்பப்பட்டுக் கடையில் உட்காருவது வேறு, உட்காராவிட்டால் அடுப்பு எரியாது என்பது வேறு.

ஜப்பானியக் கடைக்காரரின் ஓய்வூதியம்

ஜப்பானில் 1961 ஏப்ரல் முதல் எல்லாக் குடிமக்களும் ஏதேனும் ஓர் ஓய்வூதியத் திட்டத்தில் இருந்தாக வேண்டும். கடைக்காரர், விவசாயி, கைத்தொழிலாளி ஆகியோர் 20 வயது முதல் 59 வயது முடியும் வரை மாதந்தோறும் ஒரே அளவான தொகையைக் கட்ட வேண்டும். 2024-25 இல் அது மாதம் 16,980 யென். 40 ஆண்டுகள் விடாமல் கட்டியவருக்கு 65 வயதிலிருந்து மாதம் 68,000 யென் கிடைத்தது. கட்டுவதைப்போல் நான்கு மடங்கு. அடிப்படை ஓய்வூதியச் செலவில் பாதியை அரசு வரிப்பணத்திலிருந்து கொடுப்பதால்தான் இது முடிகிறது. வருமானம் இல்லாத ஆண்டுகளில் விலக்குக் கேட்கவும் வழியுண்டு. விலைவாசியையும் கூலியையும் பார்த்து ஆண்டுதோறும் தொகையைத் திருத்துகிறார்கள்.

68,000 யென்னை மட்டும் வைத்து ஜப்பானிய நகரத்தில் வாழ்வது கடினம். நிறுவனங்களில் வேலை பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் இன்னொரு ஓய்வூதியமும் உண்டு. கடைக்காரருக்கு அது இல்லை. ஜப்பானிலும் முதியோரில் ஐந்தில் ஒருவர் ஏழை என்றே கணக்குச் சொல்கிறது. தனியாக வாழும் வயதான பெண்கள் அவர்களில் அதிகம்.

இந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டச் சிறு தொழில் செய்வோருக்கென்று 1965 இல் அங்கே ஒரு பரஸ்பர உதவி நிதியைச் சட்டம் போட்டு ஏற்படுத்தினார்கள். வணிகத்தில் 5 வேலையாட்களுக்கு மேல் இல்லாதவர் இதில் சேரலாம். மாதம் 1,000 யென் முதல் 70,000 யென் வரை அவரவர் சக்திக்கேற்பக் கட்டலாம். கட்டிய தொகை முழுவதும் வருமான வரிக் கணக்கில் கழிக்கப்படும். கடையை மூடும்போதோ, வயதாகி விலகும்போதோ திரண்ட பணம் கைக்கு வரும். தொழிலாளிக்குக் கிராஜுவிட்டி எப்படியோ, முதலாளிக்கு இது அப்படி. நம் சங்கங்கள் ஊன்றிப் பார்க்க வேண்டிய ஏற்பாடு இது.

படுக்கையில் விழுந்தால்

பணம் இருந்தாலும் எழுந்து நடக்க முடியாத நாள் ஒன்று வரலாம். ஜப்பானியப் பெண்களின் சராசரி ஆயுள் 87, ஆண்களின் ஆயுள் 81. ஆனால் நோய்நொடியின் தடையில்லாமல் வாழும் காலம் 2022 கணக்குப்படி பெண்களுக்கு 75, ஆண்களுக்கு 72 வயது வரைதான். மீதி 9 முதல் 12 ஆண்டுகள் ஏதோ ஒரு வகையில் தடைபட்ட வாழ்க்கை.

முன்பு இந்தச் சுமை வீட்டு மருமகளின் தலையில் விழுந்தது. பார்க்க ஆளில்லாத வீடுகளில், மருத்துவம் தேவைப்படாத முதியவர்களையும் மாதக் கணக்கில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்திருந்தார்கள். 2000 ஏப்ரலில் முதியோர் பராமரிப்புக் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. 40 வயதானவர் எல்லாரும் பிரீமியம் கட்ட வேண்டும். செலவில் பாதி பிரீமியத்திலிருந்தும் பாதி வரியிலிருந்தும் வருகிறது. ஊராட்சியும் நகராட்சியுமே இதை நடத்துகின்றன. உதவி தேவைப்படுபவரை நேரில் பார்த்து, அவர் நிலையை ஏழு படிகளில் ஒன்றாக நிர்ணயிக்கிறார்கள். குளிப்பாட்ட, உணவூட்ட, பகலில் ஓர் இடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ள என்று அதற்கேற்ற உதவி வருகிறது. பெரும்பாலோர் செலவில் பத்தில் ஒரு பங்கு கொடுத்தால் போதும்.

இந்தத் திட்டத்தில் உதவி தேவை என்று சான்று பெற்றவர்கள் 65 வயதைத் தாண்டியவர்களில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. மற்ற நால்வரும் தம் வேலையைத் தாமே பார்த்துக்கொள்பவர்கள். சார்பு விகிதம் இந்த ஐவரையும் 'சார்ந்தவர்' என்றே எழுதிவைத்திருக்கிறது.

டென்மார்க்கில் இன்னும் ஒரு படி முன்னே போனார்கள். 1996 முதல், முதியவர் வீட்டுக்கு நகராட்சியிலிருந்து ஆள் போய், எப்படி இருக்கிறீர்கள், வீட்டில் வழுக்கி விழும் இடம் உண்டா, சாப்பாடு ஒழுங்காக நடக்கிறதா என்று கேட்டு வரும் ஏற்பாட்டைச் சட்டமாக்கினார்கள். விழுந்த பிறகு தூக்குவதைவிட விழாமல் பார்ப்பது செலவு குறைவு என்பது அவர்கள் கணக்கு.

கடை மூடினால் முதியவர் என்ன செய்வார்?

நம் தொழிலுக்கு நேரடியாக வருவோம். ஜப்பானில் சில்லறைக் கடைகளின் எண்ணிக்கை 1982 இல் உச்சத்தைத் தொட்டது. அப்போது 17 லட்சத்துக்கும் மேற்பட்ட கடைகள். அதன்பின் ஆண்டுக்காண்டு குறைந்து, 2010க்குப் பிந்தைய பத்தாண்டின் நடுவில் 10 லட்சம் அளவுக்கு வந்துவிட்டது. பெரிய கடைகள் திறப்பதைக் கட்டுப்படுத்திச் சிறு வணிகரைக் காக்க 1973 இல் போட்ட சட்டம் 1990களில் தளர்த்தப்பட்டு, 2000 இல் நீக்கப்பட்டது. ஊருக்கு வெளியே, கார் நிறுத்த இடம் உள்ள பெரிய கடைகள் எழுந்தன. அத்துடன் சிறு கடைக்காரர்களுக்கும் வயதாயிற்று. பிள்ளைகள் கடைக்கு வரவில்லை. கடைவீதிகளில் வரிசையாக ஷட்டர்கள் இறங்கின.

விளைவை முதியவர்கள் அனுபவித்தார்கள். கார் ஓட்ட முடியாத வயதில் அரிசிக்கும் காய்க்கும் எங்கே போவது? இப்படி அவதிப்படுவோரைக் 'கொள்முதல் அகதிகள்' என்ற பொருளில் ஜப்பானியர் அழைக்கிறார்கள். உணவுக் கடை 500 மீட்டருக்கு அப்பால் இருந்து, கார் வசதியும் இல்லாத முதியோர் எத்தனை பேர் என்று அந்நாட்டு வேளாண் அமைச்சகத்தின் ஆய்வு நிறுவனம் கணக்கிட்டது. 2020 இல் அத்தகையோர் 90 லட்சம் பேர். 65 வயதைத் தாண்டியவர்களில் நால்வரில் ஒருவர். ஓய்வூதியம் இருக்கிறது, பராமரிப்புக் காப்பீடு இருக்கிறது, ஆனால் பக்கத்தில் பலசரக்குக் கடை இல்லை. நம் தெருமுனைக் கடை எவ்வளவு பெரிய சேவை என்பதை நாமே உணர்வதில்லை.

இந்தக் குறையில் தொழில் கண்டவர்களும் உண்டு. தோகுஷிமா மாவட்டத்தில் 2012 இல் தோகுஷிமாரு என்ற பெயரில் ஒரு நடமாடும் கடை தொடங்கியது. சிறிய வண்டியில் காய், மீன், தயிர், ரொட்டி என்று ஏற்றிக்கொண்டு வாரத்தில் குறித்த நாட்களில் குறித்த வீட்டு வாசலுக்கே போகிறார்கள். வண்டி ஓட்டுபவர் சம்பள ஆள் அல்ல, தனி வணிகர். சரக்கை உள்ளூர்ப் பெரிய கடை கொடுக்கிறது. விற்காததைத் திருப்பி எடுத்துக்கொள்கிறது. வாடிக்கையாளரிடம் பொருளுக்கு 10 யென் கூடுதலாக வாங்கினார்கள். பின்னர் அது 20 யென் ஆயிற்று. வழக்கமாக வாசலுக்கு வருபவர் ஒருநாள் வராவிட்டால் விசாரிப்பதும் அந்த வணிகரின் பழக்கமாகிவிட்டது.

நம் நிலை என்ன?

நூற்றுக்கு 7 பேராக இருந்த முதியோர் 14 பேராக உயர பிரான்ஸ் 115 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. ஜப்பானுக்கு 24 ஆண்டுகள் ஆயின. கொரியாவுக்கு 18 ஆண்டுகள். இந்தியா இப்போது அந்த 7 என்ற இடத்தில் நிற்கிறது. தமிழ்நாடு இன்னும் முன்னே போய்விட்டது. 2011 மக்கள் தொகைக் கணக்கில் 60 வயதைத் தாண்டியோர் நாடு முழுவதும் நூற்றுக்கு 8.6 பேர், தமிழ்நாட்டில் 10.4 பேர், கேரளத்தில் 12.6 பேர்.

தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962 இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கி, 2023 இல் 1,200 ரூபாயாக உயர்ந்தது. அது ஆதரவற்றோருக்கானது, கடை வைத்திருக்கும் நாம் அதை எதிர்பார்க்க முடியாது. 1989 இல் அமைந்த வணிகர் நல வாரியம் உறுப்பினர் இறந்தால் குடும்பத்துக்கு நிதியுதவி தருகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் 80 வயது வரை உயிரோடு இருப்பவருக்கு மாதாமாதம் வேண்டிய பணம் வேறு.

சிறு வணிகருக்கென்று மத்திய அரசு 2019 இல் ஓர் ஓய்வூதியத் திட்டம் கொண்டு வந்தது. ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடிக்கு மிகாத, வருமான வரி கட்டாத, 18 முதல் 40 வயதுக்குட்பட்ட வணிகருக்கானது. சேரும் வயதைப் பொறுத்து மாதம் 55 முதல் 200 ரூபாய் வரை கட்ட வேண்டும். அதே அளவு அரசும் போடும். 60 வயதுக்குப் பின் மாதம் 3,000 ரூபாய் வரும். இதில் இரண்டு குறைகள் கண்ணுக்குப் படுகின்றன. 41 வயதானவருக்கு இடமில்லை. 1999 இல் கொரியக் கடைக்காரர் தவறவிட்ட அதே வண்டி இது. மேலும், 30 ஆண்டுகள் கழித்து 3,000 ரூபாய்க்கு என்ன வாங்க முடியும் என்பது, நேற்றைய பருப்பு விலையும் இன்றைய பருப்பு விலையும் தெரிந்த நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜப்பானில் போல் விலைவாசிக்கேற்பத் திருத்தும் வழி இதற்கு வேண்டும்.

40 வயதைத் தாண்டியவர்களுக்கு 2009 மே முதல் எல்லாக் குடிமக்களுக்கும் திறந்துவிடப்பட்ட தேசிய ஓய்வூதியத் திட்டம் இருக்கிறது. 2021 இல் அதில் சேரும் வயது வரம்பு 70 ஆக உயர்த்தப்பட்டது. எதில் போட்டாலும் சரி, கடை முதலோடு கலக்காமல் தனியே போட வேண்டும். கல்லாவிலிருந்து நாளுக்கு 100 ரூபாயை எடுத்து ஒதுக்கினால், 20 ஆண்டில் வட்டி இல்லாமலே 7 லட்சத்து 30 ஆயிரம் ரூபாய். நாம் சீட்டுக்கும் தண்டலுக்கும் கட்டிப் பழகியவர்கள்தாம். இது நமக்குப் புதிய பழக்கம் அல்ல.

செய்யக்கூடியவை

நாடுகளை ஒப்பிட்டுப் பார்த்ததில் ஒன்று தெளிவாகிறது. முதியோர் எத்தனை பேர் என்பதைவிட, அவர்கள் இளைஞராக இருந்தபோது அவர்களுக்காக என்ன சேர்த்து வைக்கப்பட்டது என்பதே அவர்கள் வாழ்வை நிர்ணயிக்கிறது. டென்மார்க்கும் ஜப்பானும் காலத்தோடு சேர்த்தன. கொரியா தாமதித்தது. நமக்கு இன்னும் சிறிது காலம் இருக்கிறது.

சங்க அளவில், ஜப்பானில் 1965 இல் வந்தது போன்ற சிறு வணிகர் ஓய்வு நிதி ஒன்றை வரிச் சலுகையுடன் ஏற்படுத்தும்படி அரசைக் கேட்க வேண்டும். 2019 திட்டத்தின் வயது வரம்பைத் தளர்த்தவும், தொகையை விலைவாசியோடு இணைக்கவும் கோர வேண்டும்.

கடை அளவில், முதிய வாடிக்கையாளருக்காக வாசலில் ஒரு நாற்காலி போடலாம். கால் கிலோ, நூறு கிராம் என்று சிறு பொட்டலங்கள் கட்டி வைக்கலாம். விலையைப் பெரிய எழுத்தில் எழுதலாம். வாரம் இருமுறை பையனிடம் சாமான் கொடுத்தனுப்பலாம். தினம் பால் வாங்க வரும் அம்மா இரண்டு நாள் வராவிட்டால் ஆள் விட்டுப் பார்க்கலாம். பெரிய கடைகளின் போட்டிக்கு நடுவே அந்த வாடிக்கை நம்மிடம் நிற்பதற்கும் இதுவே வழி.

வீட்டளவில், இந்த வாரமே ஒரு தாளில் எழுதிப் பார்ப்போம்: இப்போது என் வயது என்ன, 65 வயதுக்கு இன்னும் எத்தனை ஆண்டு, அன்று கடை இல்லாவிட்டால் மாதம் எவ்வளவு வரும். மூன்றாவது வரியில் எழுத ஒன்றுமில்லை என்றால், அடுத்த மாதக் கூட்டத்துக்கு அந்தத் தாளையும் கொண்டு வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம்.